பதினாறு போல்ட்டு

முட்டை லாரிக்காரர் அன்று காலை கிளம்பும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைத் தகுதி ஆய்வு நிலையத்துக்கு ஓட்டிப்போய், விளக்கை எரித்துக் காட்டி, பிரேக்கை மிதித்துக் காட்டி, ஹாரனை அடித்துக் காட்டி, சான்றிதழ் வாங்கி வருவது அவருக்குப் பதினோரு வருஷத்துப் பழக்கம். பன்னிரண்டாவது வருஷமும் அப்படியே நடக்கும் என்று நினைத்ததில் தப்பில்லை.

இந்தத் தடவை வண்டியில் புதிதாக ஒரே ஒரு விஷயம் சேர்ந்திருந்தது.

பத்துப் பன்னிரண்டு கோழிப் பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றி நகரத்துக் கடைகளில் இறக்குவது அவர் தொழில். பண்ணைகளுக்குப் போகிற பாதையில் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில்தான் கொஞ்சம் பாதை இருக்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டைகளோ கல்லும் மண்ணும் சுமக்கப் பிறந்தவை. முட்டை என்றால் அவற்றுக்கு இளக்காரம். தூக்கித் தூக்கிப் போட்டன. வீட்டுக்குப் பின்னால் வண்டி பழுதுபார்க்கும் ஷெட் நடத்துகிற அவருடைய மனைவி, ஒருநாள் உடைந்த முட்டை வழிந்து காய்ந்த தட்டுகளைக் கழுவிக்கொண்டே யோசித்துவிட்டு, பின் அச்சுக்கு மேலே நான்கு ஏர் பேக் வைத்துவிடலாம் என்றாள். காற்றடைத்த ரப்பர்ப் பை; அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். அவற்றைத் தாங்க நான்கு இரும்பு பிராக்கெட்டுகளையும் அவளே வெட்டிச் செய்தாள். அவற்றை லாரியின் சேஸிஸோடு, அதாவது வண்டியின் மொத்த உடம்பையும் தாங்குகிற அந்த நீள இரும்புச் சட்டத்தோடு, சேர்க்க வேண்டும்.

"வெல்டிங் அடிச்சிடேன். ஒரு மணி நேர வேலை," என்றார் லாரிக்காரர்.

"சேஸிஸ் பக்குவம் பண்ணின இரும்புங்க. அதுல நெருப்பு வச்சா, வச்ச இடத்துக்குப் பக்கத்துல பக்குவம் போயிடும். இன்னிக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும், ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம விரிசல் விடும். போல்ட்டுதான். கம்பெனிக்காரன் விட்ட ஓட்டையிலேயே மாட்டறேன். புதுசா ஒரு ஓட்டை போட மாட்டேன்."

பிராக்கெட்டுக்கு நான்கு வீதம் பதினாறு போல்ட்டு. இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் இறுக்கி, நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தாள். நட்டு அசைந்தால் கோடு விலகும். நான்கு மாதமாக ஒரு கோடும் விலகவில்லை. முட்டை உடைவது ஏறக்குறைய நின்றே போனது.

ஆய்வாளர் வண்டிக்கடியில் குனிந்து அந்தப் பதினாறு மஞ்சள் கோடுகளையும் பார்த்தார்.

"இது என்ன?"

"ஏர் பேக் பிராக்கெட்டு சார்."

"கழற்ற முடியுமா?"

லாரிக்காரர் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "தாராளமா சார். அரை மணி நேரத்துல கழற்றி மாட்டிடலாம்."

ஆய்வாளர் நிமிர்ந்தார். பேனா மூடியைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பேனா மூடியைத் திறந்து வருகிறவரின் நிதானம் அதில் இருந்தது.

"வாகனத்தோட பாகம்னா நிரந்தரமா இருக்கணும். கழற்ற முடிஞ்சா அது பாகம் இல்ல, சரக்கு. நீங்க சேஸிஸுக்கு அடியில சரக்கு ஏத்திட்டு வந்திருக்கீங்க. சரக்கு ஏத்தின வண்டிக்கு ஆய்வு கிடையாது."

"சார், அது வண்டியைத் தாங்கிட்டு நிக்குது."

"தாங்குற சரக்கு," என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் லாரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். பின்னால் வந்த நாட்களில், கேபினில் படுத்தபடி கூரையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தன்னையே திட்டிக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

"அப்படிப் பார்த்தா டயர்கூட போல்ட்டுலதானே சார் நிக்குது?"

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. நல்ல மாணவன் கிடைத்த வாத்தியார் மாதிரி அவர் லாரிக்காரரின் தோளைத் தட்டினார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நட்டுகளையும் தொட்டுப் பார்த்து, 'சக்கரம் ஆறு, கழற்றக்கூடியவை, சரக்கு' என்று எழுதினார். அதே தாளில் கீழே 'வாகனத்தில் உள்ள சக்கரங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினார். கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது.

"பயப்படாதீங்க. பிராக்கெட்டை வெல்டிங் பண்ணிடுங்க. நிரந்தரமாயிடும். அங்க ஷெட்டுல எங்க அங்கீகாரம் வாங்கின வெல்டர் இருக்கார்."

"டயரையுமா சார்?"

"அதுக்குச் சுற்றறிக்கை வரட்டும்."

மனைவியைக் கேட்காமல் அந்தச் சேஸிஸில் நெருப்பு வைக்க லாரிக்காரருக்குக் கை வரவில்லை. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கேட்டு வரலாம் என்று வாசலுக்கு நடந்தார். வாசல்காவலர் தடித்த பதிவேட்டைப் புரட்டினார்.

"வண்டியோட வந்தீங்க. வண்டியோடதான் போகணும்."

"வண்டியை விட மாட்டேங்கறாங்களே."

"அப்போ நீங்களும் போக முடியாதுங்க. முன்னாடி எல்லாரும் பாஸாகாத வண்டியை இங்கயே போட்டுட்டு நைசா நழுவிட்டாங்க. அதுக்கப்புறம் போட்ட ரூல்." வாசல்காவலர் கெட்டவர் இல்லை. "உள்ள குழாய் இருக்கு, கழிப்பறை இருக்கு. பார்க்க வர்றவங்களுக்கு அரை மணி நேரம் உண்டு," என்று ஆறுதல் சொன்னார்.

அப்படித்தான் அவர் மத்தியானச் சாப்பாட்டை நிலையத்துக்குள்ளேயே, தகவல் கேட்டு மனைவி கொண்டுவந்த டப்பாவில், மாலை நாலு மணிக்குச் சாப்பிட்டார்.

அந்த வளாகத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர். உள்ளே சிவப்புத் தாள் ஒட்டிய வண்டிகள் ஏழெட்டு. பக்கத்திலேயே நீலப் பெயிண்ட் அடித்த தண்ணீர் லாரி நின்றது. அதன் டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். மூன்று வாரமாக உள்ளே இருக்கிறார். லாரியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவில் கயிறு கட்டிச் சட்டை காயப்போட்டிருந்தார். அவர் வண்டியிலும் ஸ்பிரிங்குக்குக் கூடுதலாக வைத்த தாங்கிகள் போல்ட்டில் நின்றன.

"நீங்க டயரைப் பத்திக் கேட்டீங்களாமே அண்ணே?" என்றார் அவர். "அதுக்கப்புறம் எங்க எல்லாருக்கும் டயரை எடுத்துட்டாங்க. தாள்லதான். இருந்தாலும் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

மூன்றாம் நாள் மனைவி ஒரு பையோடு வந்தாள். உள்ளே சேஸிஸ் இரும்பில் வெட்டிய இரண்டு பட்டைகள். ஒன்றில் சின்ன இரும்புத் துண்டை வெல்டிங்கில் ஒட்டியிருந்தாள். மற்றதில் அதே மாதிரித் துண்டு போல்ட்டில் நின்றது. ஆய்வாளரை மேஜையிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து, இரண்டையும் வெல்டர் ஷெட்டிலிருந்த வைஸ் கவ்வியில் இறுக்கிப் பிடித்து, பெரிய சுத்தியலால் மாற்றி மாற்றி அடித்தாள். போல்ட்டுப் பட்டை வளைந்தது, உடையவில்லை. வெல்டிங் பட்டை ஏழாவது அடியில் படக்கென்று ஒடிந்தது. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, அவள் சொன்ன அதே இடத்தில்.

"பார்த்தீங்களா சார்?"

ஆய்வாளர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒடிந்த துண்டைக் கையில் எடுத்தார். வெல்டிங் ஒட்டு அசையாமல் இருந்தது.

"வெல்டிங் உடையலையேம்மா."

"வெல்டிங் உடையல சார். பக்கத்துல இருந்த இரும்பு உடைஞ்சிடுச்சு."

"அதைத்தான் சொல்றேன். இரும்பு ஃபெயில், வெல்டிங் பாஸ். போல்ட்டு போட்டது வளைஞ்சே போச்சு." அவர் இரண்டையும் கோப்பில் சேர்க்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். "ரொம்ப உபயோகமான பரிசோதனை. எங்க தரப்புக்கு இப்படி ஒரு ஆதாரம் இதுவரைக்கும் இல்ல."

மனைவி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். லாரிக்காரர் மெதுவாகச் சுத்தியலை வாங்கித் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்த தபால்காரர் லாரியின் கேபின் கதவைத் தட்டி, "இந்த விலாசம்தானே?" என்று கேட்டார். கட்டடப் பிரிவிலிருந்து வந்திருந்தது. ஆய்வு நிலையத்தின் தாளில் சக்கரம் இல்லை என்று இருப்பதால், இந்த லாரி நகரும் பொருள் அல்ல; நகராமல் ஒரே இடத்தில் கதவும் ஜன்னலும் வசிப்பவரும் உள்ள பொருள் கட்டடம்; இந்தக் கட்டடம் அரசு நிலத்தில் அனுமதியின்றி எழுப்பப்பட்டுள்ளது. 'அறை ஒன்று. ஜன்னல் இரண்டு. வசிப்பவர் ஆண் ஒருவர்' என்று விவரம் சரியாகவே எழுதியிருந்தார்கள். மறுநாள் ஓர் ஊழியர் வந்து கேபின் கதவில் தகரத்தில் அடித்த கதவு எண்ணை ஆணியால் அறைந்துவிட்டுப் போனார். தண்ணீர் லாரிக்குப் பக்கத்து எண்.

"வீடு குடிவந்தாச்சு," என்றார் தண்ணீர் லாரிக்காரர்.

லாரிக்காரர் சிரித்தார். அன்று சாயங்காலம் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. குழாயடியில் முகம் கழுவிவிட்டு வரும்போது, கேபின் படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே ஏறுகிறார். பதினோரு வருஷமாகச் செருப்போடு ஏறிய கேபின் அது. எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறோம் என்று அவருக்கு நினைவில்லை. செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு ஏறினார். உட்கார்ந்ததும், கால் கூசுகிறதென்று கழற்றிவிட்டார்.

முட்டை நிற்கவில்லை. மனைவி தன் சின்ன வேனில் பண்ணைக்கும் கடைக்குமாக ஓடினாள். லாரி ஒரு நடையில் ஏற்றுவதை வேன் ஆறு நடையில் ஏற்றியது. அரை மணி நேரச் சந்திப்புக்கு வரும்போது உட்கார்ந்தபடியே அவளுக்குக் கண் சொக்கும். ஏழு நிமிஷம் தூங்குவாள். அவர் எழுப்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் லாரிக்காரர் கயிற்றிலிருந்து சட்டைகளை உருவி மடித்தார்.

"வெல்டிங் பண்ணிக்கப் போறேன் அண்ணே."

"தம்பி, என் வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டியே."

"கேட்டேன். அக்கா சொல்றது சரிதான். மேட்டுத் தெருவுல ஒரு மாசமா ஜனம் குடத்தை வச்சிட்டு உட்கார்ந்திருக்கு. ஃபோன் போட்டு அழறாங்க. நான் மெதுவாப் போய்க்கறேன்."

அங்கீகாரம் பெற்ற வெல்டர் வந்தார். நீல வெளிச்சம் அரை மணி நேரம் அடித்தது. ஆய்வாளர் ஒரு சின்னச் சுத்தியலால் ஒட்டுகளை நான்கு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தலையாட்டினார். சிவப்புத் தாளைக் கிழித்துப் பச்சைத் தாள் ஒட்டினார்கள். ஊழியர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று கைதட்டினார்கள். பாஸான வண்டிக்குக் கைதட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. தண்ணீர் லாரிக்காரர் வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை ஹாரன் அடித்தார். முட்டை லாரிக்காரர் அந்தச் சத்தம் தேயும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். மனசில் இருந்தது பொறாமையா பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

இருபத்தோராம் நாள் நிலையத்தின் இயக்குநர் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார். இயக்குநரின் அறை குளிர்ச்சியாக இருந்தது. ஆய்வாளர் கோப்போடு பக்கத்தில் நின்றார். மேஜை மேல் காகிதங்கள் பறக்காமலிருக்க ஓர் இரும்புத் துண்டு வைத்திருந்தார்கள்.

"உட்காருங்க," என்றார் இயக்குநர். "உங்க மேல எங்களுக்குக் கோபம் எதுவும் இல்ல. நாங்க அறிவியல் முறையில போறவங்க. இந்த நிலையம் ஆரம்பிச்சு நாற்பது வருஷம் ஆச்சு. நாங்க பாஸ் பண்ணின வெல்டிங்ல ஒண்ணு, ஒரே ஒண்ணு விட்டுப்போச்சுன்னு யாராவது சொல்லட்டும், நான் ராஜினாமா பண்ணிடறேன். வண்டிங்க உடைஞ்சிருக்கு. நிறையவே உடைஞ்சிருக்கு. வெல்டிங் உடைஞ்சதில்ல. போல்ட்டு போட்ட வண்டியில என்ன பிரச்சினைன்னா, எதுவும் உடையறதில்ல. எதுவும் உடையலைன்னா எது பலமா இருந்துச்சு, எது பலவீனமா இருந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மாதிரி வண்டியை வச்சு நாங்க ஒரு புள்ளிவிவரம்கூட எடுக்க முடியாது. உங்க முன்னாடி இருக்கறதைக் கையில எடுத்துப் பாருங்க."

லாரிக்காரர் மேஜை மேலிருந்த இரும்புத் துண்டை எடுத்தார். கனமாக இருந்தது. ஒரு தாங்கி, அதன் விளிம்பில் தடித்த வெல்டிங் ஒட்டு, அந்த ஒட்டோடு பிய்ந்துவந்த ஒரு கை அகல சேஸிஸ் இரும்பு. பிய்ந்த விளிம்பு பல் பல்லாக இருந்தது. ஓரத்தில் நீலப் பெயிண்ட்.

"இது தண்ணி லாரியோடது," என்றார் லாரிக்காரர்.

"அதேதான். போன வாரம் மேட்டுத் தெரு ஏத்தத்துல சேஸிஸ் ரெண்டாப் போச்சு. தண்ணி டாங்க் ஒரு பக்கம், கேபின் ஒரு பக்கம். நானே நேர்ல போய்ப் பார்த்தேன். அந்த ஒட்டைப் பாருங்க. தலைமுடி அளவுகூட அசையல. வெல்டருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கோம்."

"அவர் எப்படி இருக்கார் சார்?"

"வெல்டரா?"

"ஓட்டினவர்."

இயக்குநர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கோப்பைப் பார்த்தார். "அது நம்ம கட்டத்துல வராது சார்," என்றார்.

"அது நம்ம கட்டத்துல வராது," என்று இயக்குநர் லாரிக்காரருக்குச் சொன்னார். "ஆனா சான்றிதழ் அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும். அதுல நாங்க கை வைக்கல." பிறகு ஒரு தாளை நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள வெல்டிங், பச்சைத் தாள், வீட்டுக்குப் போயிடலாம். சக்கரத்தையும் திருப்பி எழுதித் தர்றோம். கட்டடப் பிரிவுக்கும் நான் சொல்லிடறேன்."

பேனா கைக்கு வந்தது. வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் லாரிக்காரரின் கை தாளுக்குப் போய்விட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. இடது கையில் அந்த இரும்புத் துண்டு இன்னும் இருந்தது. அதன் பல் ஒன்று உள்ளங்கையில் குத்தியது.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்," என்று எழுந்துவிட்டார். நீலத் துண்டைக் காகிதங்களின் மேல் பத்திரமாக வைத்தார்.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, பேனா தாளைத் தொட்டதையும் சொன்னார். தண்ணீர் லாரிக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், கால்தான் முறிந்துவிட்டது, இன்று கடையில் சொல்லித்தான் தெரிந்தது, மருத்துவமனையில் விசாரித்துவிட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அந்த முதல் நாள் தாளைக் கொடுங்க," என்று வாங்கி வரிவரியாகப் படித்தாள். பொதுவாக அவள் காகிதம் படிக்கிறவள் இல்லை. படிக்கப் படிக்க, வேலை பிடிபட்ட மெக்கானிக்கின் முகம் அவளுக்கு வந்தது.

"ஏங்க, போல்ட்டுல நிக்கறது எல்லாம் சரக்குன்னு எழுதி சீல் வச்சிருக்காங்களே."

"ஆமா."

"சரக்கை வெளிய எடுத்துட்டுப் போக என்ன வேணும்?"

வாசலில் போய்க் கேட்டார்கள். வாசல்காவலர் பதிவேட்டின் பின்பக்கத்தைப் புரட்டினார். "சரக்குக்கு ஒண்ணும் வேண்டாம்மா. வெள்ளைச் சீட்டுல பேரும் எண்ணிக்கையும் எழுதிக் கொடுத்தாப் போதும்."

மறுநாள் காலையிலிருந்து அவள் ஸ்பேனர் பெட்டியோடு வந்தாள். அரை மணி நேரத்தில் எவ்வளவு கழற்ற முடியுமோ அவ்வளவு கழற்றி, கைவண்டியில் வைத்து, வெள்ளைச் சீட்டெழுதி வெளியே தள்ளிக்கொண்டு போவாள்; வேனில் ஏற்றிவிட்டு மறுபடியும் பார்வையாளராக வரிசையில் நிற்பாள். அவள் இல்லாத நேரத்தில் அவர் அடுத்த நட்டுகளைத் தளர்த்தி வைப்பார். முதலில் ஏர் பேக், பிராக்கெட்டு, பதினாறு போல்ட்டு. பிறகு பின் கதவுகள், பலகைகள், டீசல் டாங்க், ரேடியேட்டர். வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்திச் சக்கரங்களையும் அச்சுகளையும் எடுத்தார்கள். என்ஜினைச் சங்கிலியில் தூக்கி இறக்கியபோது ஊழியர்கள் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. சீட்டு சரியாக இருந்தது. கேபின் வெளியே போன அன்று மட்டும், கதவு எண் ஆணியில் அறைந்தது என்பதால் அது நிரந்தரமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. மனைவி ஆணியைப் பிடுங்கிக் காட்டினாள்.

கழற்றத் தொடங்கிய ஏழாம் நாள் சேஸிஸ் மட்டும் மிச்சம். அதைப் பார்த்ததும் ஆய்வாளர் விழித்துக்கொண்டார்.

"இது ரிவெட்டு அடிச்சது. கழற்ற முடியாது. இதுதான் வாகனம். இது போகக்கூடாது."

மனைவி போய், இரும்புக் குழாய் ஏற்றுகிற நீளமான தள்ளுவண்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். நாலு பேர் கைகொடுக்க, சேஸிஸைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். காலியாகக் கிடந்த பிராக்கெட் ஓட்டைகள் இரண்டில் இரண்டு போல்ட்டு போட்டுத் தள்ளுவண்டியோடு இறுக்கினாள்.

"இப்போ பாருங்க சார். இந்தத் தள்ளுவண்டியில போல்ட்டுல நிக்குது."

ஆய்வாளர் குனிந்தார். நட்டைத் தொட்டார். இருபத்திரண்டு வருஷத்து ஞானம் முழுவதும் அந்த நட்டில் வந்து நின்றது. "கழற்ற முடியுமா?"

"தாராளமா."

"அப்போ சரக்கு," என்று அவர் ஒதுங்கி வழிவிட்டார். பிரச்சினை தீர்ந்ததில் அவருக்கும் நிம்மதிதான்.

இப்போது வளாகத்தில் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் முட்டை லாரிக்காரரும் இருந்தார்கள். அவர் வாசலுக்கு நடந்தார்.

"வண்டி எங்க?" என்றார் வாசல்காவலர்.

"போயிடுச்சே. நீங்கதானே சீட்டு வாங்கினீங்க."

"போனது சரக்கு. வண்டி போனதா எனக்குப் பதிவு இல்லைங்க. வண்டியோட வந்தீங்க..."

"வண்டியோடதான் போகணும்," என்று லாரிக்காரர் முடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் வேன் உறுமிக்கொண்டிருப்பது கேட்டது. இதுவரை உட்கார ஒரு கேபினாவது இருந்தது. வெறுந்தரையில், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பச்சைத் தாள் ஒட்டியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருக்கலாம் என்று நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார். வெட்கம் போனபிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி கைவண்டியோடு திரும்பி வந்தாள். அதில் லாரியின் டிரைவர் இருக்கை இருந்தது. வெளியே போனதை மறுபடி உள்ளே கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

"உட்காருங்க," என்றாள்.

"எதுக்கு?"

"உட்காருங்க சொல்றேன்."

உட்கார்ந்தார். அவள் பெல்ட்டை இழுத்து அவர் இடுப்பில் மாட்டி, கிளிக் என்று அழுத்தினாள். கைவண்டியை வாசலுக்குத் தள்ளினாள். வெள்ளைச் சீட்டில் 'இருக்கை ஒன்று, இணைப்போடு' என்று எழுதியிருந்தது.

வாசல்காவலர் சீட்டைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார். "இணைப்பு என்ன?"

"இருக்கையில இருக்கறது."

"இது நிரந்தரமா, கழற்றக்கூடியதா?"

அவள் பெல்ட்டை அவிழ்த்துக் காட்டினாள். மறுபடி மாட்டினாள்.

வாசல்காவலர் நெடுநேரம் பேனாவை உருட்டினார். முட்டை லாரிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க," என்றார் வாசல்காவலர் அவசரமாக, குரலைத் தாழ்த்தி. "பேசுற சரக்குக்கு வேற சீட்டு. அது இயக்குநர் கையெழுத்துப் போடணும்."

லாரிக்காரர் வாயை மூடிக்கொண்டார். கைகளை முழங்கால் மேல் வைத்து, நேராகப் பார்த்தபடி, ஒரு பெரிய மனிதர் மாதிரி வாசலைத் தாண்டினார். சக்கரம் வாசல் மேட்டில் தடுக்கித் தூக்கிப்போட்டது. வெளியே தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. திருப்பம் வரும்வரை மனைவி பெல்ட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்த கையை அவர் பிடித்துக்கொண்டார். பிறகு இருவருமாக இருக்கையை வேனில் ஏற்றினார்கள்.

லாரியை ஷெட்டில் வைத்து மறுபடி பூட்ட ஒன்பது நாள் ஆயிற்று. பிராக்கெட்டுகள் பழைய ஓட்டையிலேயே ஏறின. வண்டி முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஓட்டத்தான் முடியாது. பதிவேட்டின்படி அந்த லாரி இன்னும் நிலையத்துக்குள்தான் நிற்கிறது. வெளியே வராத வண்டிக்கு வேறு எந்த நிலையமும் ஆய்வு செய்யாது. உள்ளேயிருந்து அதை வெளியே எடுக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். விண்ணப்பத்தோடு வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. அதுவரை வேனில் ஆறு நடை. அவர் மூன்று, அவள் மூன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மருத்துவமனைக்குப் போனார். தண்ணீர் லாரிக்காரர் இளைத்துப் போயிருந்தார். வலது கால் தலையணை மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் தினம் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். குடம் நிரம்பியதா என்று அவர்களிடம் இவர் கேட்க, அன்று உடைந்த லாரியிலிருந்து ஓடிய தண்ணீரைப் பாதிப் பேர் பிடித்துக்கொண்டார்களாம்.

"காலை எப்படி தம்பி சேர்த்தாங்க?"

"உள்ள எலும்புல தகடு வச்சிருக்காங்க அண்ணே. ஏழு போல்ட்டு. டாக்டர் படம் காட்டினார். பசை மாதிரி எதையாவது வச்சு ஒட்டக்கூடாதான்னு கேட்டேன். எலும்பு கெட்டுப்போயிடும், போல்ட்டுதான் சரின்னு சொல்லிட்டார். எலும்பு கூடினதும் கழற்றிடலாமாம்."

முட்டை லாரிக்காரர் வார்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஒரு ஊழியர் கையில் ஒரு கோப்போடு கட்டில் கட்டிலாக எழுதிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

"அவர் வந்து கேட்டா கழற்றலாம்னு சொல்லாத," என்றார் மெதுவாக.

"பின்ன என்ன அண்ணே சொல்றது?"

"பிறந்ததுல இருந்தே இருக்குன்னு சொல்லிடு."

தண்ணீர் லாரிக்காரர் சிரிக்கவில்லை. ஊழியர் அடுத்த கட்டிலுக்கு வந்ததும், போர்வையை எட்டி இழுத்துக் காலை முழுவதுமாக மூடிக்கொண்டார்.